லேக் பெலஸின் காற்றுத் தண்ணீர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மேட்டு வீதியில் மூச்சு வாங்க ஏறினால், இடது கைப்பக்கம் நாலு மாடியில் நிற்கிற கட்டிடத்துக்குப் பெயர் லேக் பெலஸ். அங்கிருந்து வாவி தெரியாது. வாவியைப் பார்க்க ஆசைப்படுகிறவர் கண்டிக்குப் பஸ் ஏறவேண்டும். பெலஸ் என்பதற்கும் பெரிதாக ஆதாரமில்லை; லிஃப்ட்டுக்கென்று விட்ட குழியில் வின்சன்ட் தன் பழைய சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறார். ஆனால் எட்டு வீட்டுக்கும் தண்ணீர் சுடவைக்க மொட்டைமாடியில் ஒரு காற்றாடி இருக்கிறது. மூன்று வெள்ளை இறக்கைகள், பக்கத்தில் தகரப் போர்வை போர்த்திய பெரிய தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குக் கீழே கறுப்புக் கல்லில் பொன் எழுத்து: "இத்திட்டத்தின் சிந்தனையும் வடிவமைப்பும் வழிநடத்தலும் பொறியியலாளர் வை. தியாகராஜா, தலைவர், நிர்வாகக் குழு."

மற்றவர்கள் அதைக் காத்தாடி என்பார்கள். தியாகராஜா நின்று, "காற்றுச் சுழலி" என்று திருத்திவிட்டுத்தான் மேலே படியேறுவார்.

அவர் இஞ்சினியர் என்பதில் பொய்யில்லை. வீதி இஞ்சினியர். உத்தியோக காலம் முழுக்க மலையைச் சுற்றி மதகு கட்டினவர். தண்ணீர் போகிற வழி அவருக்கு அத்துப்படி. காற்று போகிற வழியைப் பற்றி அவர் யோசித்ததே கிடையாது. ஆனால் பென்சன் எடுத்து வீட்டிலிருக்கிற மனுசனைச் சுற்றி எட்டு வீட்டுக்காரரும் உட்கார்ந்து, "சேர், நீங்கதானே இஞ்சினியர்" என்று சொன்னால், எந்த இஞ்சினியர் என்று எடுத்துச் சொல்லும் அடக்கம் யாருக்கு வரும்?

கரண்ட் கட்டணம் ஏறி, ஹீட்டர் சுவிச்சைப் போடவே ஆட்கள் பயந்த காலம் அது. பக்கத்துக் கட்டிடத்தில் சூரிய ஒளித் தகடு பூட்டி, றிபன் வெட்டி, பேப்பரிலும் படம் வந்துவிட்டது. குழுவின் செயலாளர் வின்சன்ட், பன்விலத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்து வந்தவர், மெதுவாகக் கேட்டார்.

"நாமளும் அதையே போட்டுட்டா என்னாங்க சேர்?"

"சூரியன் எல்லாரும் செய்யிறது, வின்சன்ட்," என்றார் தியாகராஜா. "நாங்கள் எல்லாருமில்லை."

காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி வேண்டும் என்ற பேச்சு வந்தது. கருவி வருவதற்கு முன் ஜூலை மாதத்துக் காற்று வந்து, கொடியில் காய்ந்த ஜவாஹிரின் சாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் விகாரை வளவுப் பலாமரத்தில் போட்டது. ஜவாஹிர் சந்தியில் புடவைக்கடை வைத்திருப்பவர், முதலாம் மாடிக்காரர். அவர் பலாமரத்தைப் பார்த்தபடி வாயைப் பிளந்து நிற்க, தியாகராஜா பக்கத்தில் நின்று, "இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்றார். அந்த வசனத்தை வின்சன்ட் கூட்ட அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் இன்னொரு தீர்மானம். எல்லா வீட்டு ஹீட்டரையும் கழற்றவேண்டும். இரண்டும் இருந்தால் ஆட்கள் சோம்பேறித்தனத்தில் பழையதைத்தான் போடுவார்கள், புதிய திட்டத்துக்கு அது அவமரியாதை என்பது தலைவரின் வாதம். கழற்றினார்கள். குழந்தைகள் காற்றுச் சுழலியில் கை வைக்காமலிருக்க மொட்டைமாடிக் கதவுக்குப் பெரிய பூட்டும் போட்டார்கள். பூட்டைத் தலைவரே கண்டிக்குப் போய்த் தெரிவு செய்தார். சாவி செயலாளர் பொறுப்பு.

ஓகஸ்டில் தண்ணீர் உண்மையாகவே சுட்டது. அந்த மாதத்துக்கு ஒரு குறையும் சொல்லமுடியாது. இறக்கைகள் விர்ரென்று சுற்றின, தியாகராஜா மாலையோடு நின்று பேசினார், ஜவாஹிரின் மனைவி பஸீஹா வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். பிறகு காற்று நின்றது. இறக்கையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, அசையவில்லை என்று உறுதியானதும் தன் சொந்தபந்தத்தையும் கூட்டிவந்தது.

மலைகளுக்கு நடுவே கிண்ணம்போலக் கிடக்கிற ஊர் இது. மார்கழி விடியலில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும். ஆனால் லேக் பெலஸ்காரர் மரியாதையான ஆட்கள். படியில் தலைவரைக் கண்டால், "தண்ணி ஒரு மாதிரி இதமா ஈக்கி சேர்," என்பார் ஜவாஹிர். அவர் கழுத்தில் மப்ளர் சுற்றியிருக்கும்.

ஒன்றுமே சொல்லாதது லீலாதேவி மட்டும்தான். தியாகராஜாவின் மனைவி, முன்னாள் விஞ்ஞான ரீச்சர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாரிசவாதம் வந்து காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இடது கையை வைத்துக்கொண்டது. அந்தக் கை தூக்கினால் கொஞ்சம் எழும்பும். ஆனால் நெருப்பு வைத்தாலும் தெரியாது. காலையில் சுடுதண்ணீருக்குள் வைத்து விரல்களை மடக்கி விரிக்கச் சொல்லியிருந்தார் பயிற்சி கொடுக்கிற பெண். லீலாதேவி கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒற்றைக் கையால் தூக்கி வாளிக்குள் ஊற்றுவா. ஊற்றும்போது கணவன் முகத்தைப் பார்க்கமாட்டா. அப்படிப் பார்க்காமலிருப்பதுதான் தியாகராஜாவைச் சுட்டது.

ஒருநாள் கண்டிக்குப் போய்ச் சூடாக்கும் சுருள் ஒன்றை வாங்கி, பேப்பரில் சுற்றி, மீன் வாங்கினவர்போலக் கொண்டுவந்தார். திருத்த வேலை என்று சாவி வாங்கி மேலே போய்ச் சுருளைத் தொட்டிக்குள் இறக்கி, படிக்கட்டு லைட் போகிற லைனில் கம்பியைக் கொடுத்தார். வயரிங் வேலை செய்கிற பாஸ் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பாஸுக்கு வாய் இருக்கும். சுவிச்சைப் போட்டதும் கீழே ட்ரிப் சுவிச் டக்கென்று விழுந்தது. நிமிர்த்தினார், விழுந்தது. எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது, ஆளைக் கொல்லாமலிருக்கத்தான் அந்தச் சுவிச் விழுகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ட்ரிப் சுவிச்சுக்கும் மெயினுக்கும் முன்னாலேயே, மொட்டைமாடிக்கு மேலால் வருகிற லைனில் கம்பியைத் தொடுத்துவிட்டார். தற்காலிகமாக, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவர் தற்காலிகமாகக் கட்டின மதகுகள் இன்றைக்கும் மலைநாடு முழுக்க நிற்கின்றன.

தண்ணீர் சுட்டது. இறக்கையில் காகங்கள் குடும்பமாக இருந்தன.

"காத்தாடி சுத்தவே இல்லீங்களே சேர், தண்ணி மட்டும் ஆவி பறக்குதே?" என்று வின்சன்ட் கேட்டார்.

"சேமிப்பு வெப்பம்," என்றார் தியாகராஜா. "ஓகஸ்டில அடிச்ச காற்று முழுக்கத் தொட்டிக்குள்ள இருக்கு. இப்ப மெல்ல மெல்ல வெளியில வருது."

"அப்பிடிங்களா." வின்சன்ட் பேனாவைத் திறந்தார். பிறகு அதையும் அறிக்கையில் எழுதினார்.

தைமாதத்தில் ஒருநாள் காலை. தியாகராஜா முன் விறாந்தையில் பேப்பர் விரித்திருந்தார். குளியலறையிலிருந்து லீலாதேவியின் குரல் கேட்டது. வழக்கமான குரலில்லை.

"இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ!"

விழுந்துவிட்டா என்று நினைத்து ஓடினார். அவ விழவில்லை. குழாய்க்குக் கீழே இடது கையை நீட்டியபடி நின்றா. கண்ணால் தண்ணீர் வழிந்தது.

"எனக்குத் தெரியுது. கை எனக்குத் தெரியுது."

"என்ன தெரியுது?"

"சுள்ளெண்டு. எறும்பு ஊருற மாதிரி. விரல் நுனி வரைக்கும். இரண்டு வருசமா மரக்கட்டை மாதிரிக் கிடந்த கை... தொட்டுப் பாருங்கோவன்."

அவர் தண்ணீரைத் தொட்டார். அவருடைய சுட்டுவிரலிலும் சுள்ளென்றது.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வாயையும் திறந்தார். அவ சிரித்துக்கொண்டிருந்தா. பாரிசவாதம் வந்த நாளிலிருந்து வாய் ஒருபக்கம் இழுபடுமே என்று சிரிப்பையே நிறுத்திவிட்ட மனுசி, இழுபட்டால் இழுபடட்டும் என்று முழு வாயால் சிரித்தா.

"நல்லது... நல்லதுதான்," என்றார். பின்னேரம் மேலே போய் அறுத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னேரத்துக்குள் விசயம் நாலு மாடியும் ஏறி இறங்கிவிட்டது. பஸீஹாவின் முழங்காலிலும் சுள்ளென்றதாம். அன்றிலிருந்து நோவு பாதியாம். வின்சன்டின் மனைவி டொரதிக்குத் தோள்மூட்டு. தண்ணீருக்குள் காற்றின் பெலம் இறங்கியிருக்கிறது என்று யாரோ சொல்ல, அடுத்த நாள் அது ஆராய்ச்சி முடிவாகிவிட்டது. ஜவாஹிர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வத்தேகமையிலிருந்து ஒருவர் போத்தலோடு வந்து நின்றார்.

"காத்துத் தண்ணி குடுக்கிறது இங்கதானே?"

தியாகராஜா மேலே போய்ச் சுருளின் தலைப்பக்கம் கறுப்பு ஒட்டுநாடா சுற்றிப் பார்த்தார். சுள்ளென்றது குறையவில்லை. சுருளைக் கழற்றினால் தண்ணீர் குளிரும், லீலாவின் கை திரும்ப மரக்கட்டையாகும், கறுப்புக் கல்லில் பொன் எழுத்து மட்டும் மிஞ்சும். அவர் கம்பியைப் பார்த்தார். கம்பி தன்பாட்டில் கிடந்தது. சின்னக் கரண்ட்தானே என்று இறங்கிவந்தார். பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் லீலாவுக்கு முன்னால் எழும்பி, குழாயைத் திறந்து தன் விரலை வைத்துப் பார்ப்பார். நேற்றைப்போலத்தான் என்று திருப்திப்படுவார். ஒருநாள் நேற்றைவிடக் கூட என்று பட்டது. விரல் ஈரமாக இருந்ததால் இருக்கும் என்று நினைத்தார். தண்ணீருக்குள் வைத்த விரல் ஈரமாகத்தானே இருக்கும் என்பது இரவில் படுத்த பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை ஜவாஹிர் வந்தார். மகள் இன்ஷிரா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள், ஆண் குழந்தை. வெள்ளிக்கிழமை நாற்பதாம் நாள் குளிப்பு.

"நாப்பதுத் தண்ணி வாக்கிறது இந்தக் காத்துத் தண்ணிலதான்னு பஸீஹா ஒரே புடியா நிக்கிறா சேர். மகள் நல்லா மெலிஞ்சிட்டா. கொஞ்சம் பெலம் வரட்டும்."

தியாகராஜா கதிரையை விட்டு எழும்பினார்.

"பிள்ளை பெத்த உடம்புக்கு... பச்சிலை அவிச்ச தண்ணிதான் நல்லது, ஜவாஹிர். அடுப்பில வச்ச தண்ணி."

"சேர்ட தன்னடக்கம்," என்று ஜவாஹிர் அவருடைய கையைப் பிடித்து உலுக்கினார். "பெரிய மனுசனுக்கு அது ஈக்கத்தான் செய்யும்."

வியாழக்கிழமை கட்டாயம் அறுப்பது என்று முடிவெடுத்தார். வியாழக்கிழமை பயிற்சி கொடுக்கிற பெண் வரும் நாள். அவளுக்குக் காட்டவேண்டுமென்று லீலா நல்ல சேலை கட்டி, காலையிலிருந்தே குளியலறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தா. அவள் வரவில்லை, வெள்ளி வருகிறேன் என்று போன் பண்ணினாள். சேலையைக் கழற்றாமலே லீலா படுத்துவிட்டா. வெள்ளி விடியப் பார்ப்போம் என்று தியாகராஜாவும் படுத்தார். விடியத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளிப்பு பத்து மணிக்குக் கிட்டத்தானே, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார்.

தேத்தண்ணி குடித்து முடியுமுன் பஸீஹா வந்தார், மூடின தட்டில் வட்டிலப்பத்தோடு. முகம் பூரித்துக் கிடந்தது.

"ரீச்சர், கேட்டீங்களா? நேத்து புள்ளட கால அந்தத் தண்ணில லேசாப் புடிச்சிப் பாத்தோம். அல்லாஹ்வே, அந்தக் கால உதறின உதறல்! உடம்பையே வில்லாட்டம் வளச்சிட்டான். நாப்பது நாள் புள்ளக்கி அவ்வளவு பெலம். மகளோட சேத்து அவனையும் இன்னைக்கி அதுலயே முழுக்காட்டப் போறோம். குளிக்கிற தொட்டி நெறய புடிக்கத் தொடங்கியாச்சி."

லீலாதேவியின் கையிலிருந்த கோப்பை பாதியில் நின்றது. அவ பஸீஹாவைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தா.

தியாகராஜா செருப்புப் போடாமல் மொட்டைமாடிக்கு ஓடினார். பூட்டு தொங்கியது. வின்சன்ட் வீட்டுக் கதவைத் தட்டினார்; ஆளில்லை. போன் எடுத்தார். பின்னால் பாண்டு வாத்தியம் முழங்க வின்சன்டின் குரல் வந்தது.

"சேர், சொல்லுங்க சேர்! நாங்க பன்விலக்கி வந்துட்டோம், டொரதியோட அண்ணே மகளுக்குக் கல்யாணம்..."

"சாவி! மொட்டைமாடிச் சாவி எங்கை?"

"பத்திரமா இருக்கு சேர், பயப்படாதீங்க. யார் கையிலயும் குடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? என் பாக்கெட்லயே இருக்கு."

பூட்டைப் பிடித்து இழுத்தார். தானே பார்த்துத் தெரிவு செய்த பூட்டு, நல்ல பூட்டு. கீழே மெயினை நிறுத்தினாலும் பயனில்லை. அதையும் தாண்டித்தானே கம்பி கொடுத்திருந்தார். ஓடினார், மூன்று மாடியும் கீழே.

ஜவாஹிர் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வாசலில் நின்றார். உள்ளே பெண்களின் பேச்சு, குழந்தையின் சிணுங்கல், தண்ணீர் விழும் சத்தம்.

"வாங்க சேர், வாங்க! நேரத்தோட வந்திட்டீங்க."

"ஜவாஹிர்... மேல் தொட்டி கழுவவேணும். இப்பவே. பாசி பிடிச்சிருக்கு. தண்ணியைத் தொடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"தாராளமா சேர். குளிப்பு முடிஞ்ச கையோட நானே ஆள் புடிச்சித் தாறேன்."

"இல்லை, குளோரின் போட்டனான். கூடிப்போச்சு."

"மணமே இல்லியே சேர்? காலையில நான் வாய் கொப்பளிச்சேனே."

"காற்றின்ர பெலம்," என்றார் தியாகராஜா. மூச்சு வாங்கியது. "பிறந்த குழந்தைக்கு அந்தப் பெலம் தாங்காது. விஞ்ஞானம் சொல்லுது."

"எங்கட புள்ள தாங்குவான் சேர்!" ஜவாஹிர் சத்தமாகச் சிரித்தார். உள்ளே திரும்பி, "பஸீஹா, சேர் புள்ளக்காகப் பயந்து ஓடி வந்திருக்காரு, பாத்தியா பாசத்த!" என்றார்.

தண்ணீர் நின்றது. குளியல் தொட்டி நிறைந்துவிட்டது. "மகள், உடுப்பக் கழட்டிட்டு புள்ளயத் தாங்க," என்று உள்ளே யாரோ சொன்னார்கள்.

பிள்ளை பெற்றவள் குளிக்கிற இடத்துப் பக்கம் அந்நிய ஆண்பிள்ளை போவதில்லை. தியாகராஜா ஜவாஹிரைத் தள்ளிக்கொண்டு போனார். குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

"தொடாதேங்கோ! இன்ஷிரா, தொடாதை பிள்ளை! அது காற்றில்லை! கரண்ட்! லைனிலயிருந்து கள்ளமா எடுத்த கரண்ட். நான்தான் போட்டனான். ட்ரிப் சுவிச்சையும் தாண்டிப் போட்டனான். அது தண்ணிக்குள்ள ஒழுகுது. பெலமுமில்லை, ஒண்டுமில்லை. அந்தக் காத்தாடி ஓகஸ்டிலயே நிண்டுபோச்சு."

காத்தாடி என்றுதான் சொன்னார்.

கதவு கொஞ்சம் திறந்தது. இன்ஷிரா முக்காட்டை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். துவாயில் சுற்றின குழந்தை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது, உலர்ந்தபடியே.

"அங்கிள்," என்றாள். "நேத்து இவன் கால உதறினது?"

"ஓம், பிள்ளை."

அவள் ஏசுவாள் என்று நின்றார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் துவாயை விலக்கி, அந்தச் சின்னக் காலை வெளியே எடுத்து, உள்ளங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். உள்ளே கொண்டி விழுந்தது.

ஜவாஹிர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "கடத்தெரு முழுக்கச் சொன்னேனே சேர்," என்றார் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னார். சேர் என்பதை மட்டும் பழக்கத்தில் விடமுடியவில்லை.

படியேறினார். இரண்டாம் மாடி வளைவில், கைப்பிடியைப் பிடித்தபடி லீலாதேவி நின்றா. எவ்வளவு நேரமாக நின்றாவோ. திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறினா. அவர் பின்னால் ஏறினார். பிடித்துவிடப் போன கையை அவ விலக்கவில்லை, ஏற்கவுமில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டா: "வின்சன்ட் எப்ப வருவார்?"

"பின்னேரமாகும். கல்யாண வீடு."

"அப்ப அதுவரைக்கும் கரண்ட் இருக்கும்."

"ஓம். எல்லா வீட்டுக்கும் சொல்லவேணும், ஒருத்தரும் குழாயைத் திறக்கக்கூடாது..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. அவ குளியலறைக்குள் போய்விட்டா. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார். இடது கையைக் குழாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றா. விஞ்ஞானம் படிப்பித்த மனுசி. என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் நின்றா.

"லீலா, விடப்பா. அது கரண்ட்."

"தெரியும்."

"ஆபத்து."

"எனக்கு மூண்டாம் நாளே சாடையா விளங்கினது," என்றா, கையைப் பார்த்தபடி. "காகம் குந்தியிருக்க என்ன காற்று? ஆனா நான் யோசிக்கேல்லை. யோசிக்கக்கூடாதெண்டு இருந்திட்டன். பாவி, பஸீஹாவுக்கும் நான்தானே முதல் சொன்னனான். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா, நீங்கள் மட்டுமோ?"

தியாகராஜா துவாயால் கையைச் சுற்றிக்கொண்டு குழாயை மூடினார். சுவரோடு இருந்த வால்வையும் இறுக்கினார். கடைசிச் சொட்டு விழும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஜவாஹிர் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிச் சொல்லும் சத்தம், அவர் வீட்டில் பாத்திரம் இழுக்கும் சத்தம். யாரோ அடுப்பில் தண்ணீர் வைக்கிறார்கள்.

அவர் அந்த ஈரக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்தார். துடைத்தார். ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்தார், பயிற்சி கொடுக்கிற பெண் செய்வதுபோல. இரண்டு வருடத்தில் அவர் இதை ஒருநாளும் செய்ததில்லை. அது பெண் பிள்ளைகள் பார்க்கிற வேலை என்று தலைவர் வேலையிலேயே இருந்துவிட்டார். கடைசியில் தன் பலமெல்லாம் கூட்டி அந்தக் கையை அழுத்தினார்.

"இப்ப தெரியுதோ?"

லீலாதேவி அழுத்துகிற அந்தக் கைகளைப் பார்த்தா. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தா. அந்த வீட்டில் அன்றைக்கு இன்னொரு பொய்க்கு இடமிருக்கவில்லை.

"இல்லை," என்றா.

அவர் கையை விடவில்லை.